ஆறாத சர்க்கரைப் புண்ணுக்கு எந்தக் கட்டு: ஹைட்ரோஜெல்லா, வெள்ளியா, அயோடினா?

டாக்டர் சீட்டில் "ஹைட்ரோஜெல் டிரெஸ்ஸிங்" என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார். மருந்துக் கடையில் கேட்டால் சாதா ஜெல் ஒரு விலை, வெள்ளி கலந்த ஜெல் இன்னொரு விலை, ஷீட்டாக வருவது அதைவிடக் கூடுதல். பக்கத்து வீட்டுக்காரர், அயோடின் போட்டுத்தான் தன் மாமனாருக்கு ஆறியது என்கிறார். யூடியூபில் ஒருவர் தேனைத் தடவச் சொல்கிறார். வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்கு எதை வாங்கிப் போவது?

சென்னையில் டிரெஸ்ஸிங் அறையில் வேலை பார்க்கிறவள் நான். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹைட்ரோஜெல் நல்ல பொருள்தான். வறண்டு கிடக்கும் புண்ணுக்கு ஈரம் கொடுக்கும். ஆனால் புண்ணில் குடியேறிவிட்ட கிருமிப் படலத்தை அது அழிக்காது. இந்த இரண்டு வேலையையும் ஒன்றாக்கிப் பார்ப்பதால்தான் பல வீடுகளில் டியூப் மேல் டியூபாக வாங்கி வாரக்கணக்கில் போகிறது.

கிருமிப் படலம் என்பது டாக்டர்கள் பயோஃபில்ம் என்று சொல்வது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிக் கழுவியிருந்தால், உள்சுவரில் கைக்குத் தட்டுப்படும் வழவழப்பு தெரிந்திருக்கும். அதுவும் பயோஃபில்ம்தான், காலையில் பல்லில் படிந்திருக்கும் படிவும் அதுதான். பாக்டீரியாக்கள் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு, பாலிசாக்கரைடு, புரதம், தாங்களே வெளியே விட்ட டி.என்.ஏ. எல்லாம் சேர்ந்த ஒரு கோந்தைச் சுற்றிலும் கட்டிக்கொள்ளும். உள்ளே இருப்பவற்றில் பல, வளர்ச்சியைக் குறைத்துக்கொண்டு சோம்பிக் கிடக்கும். வேகமாகப் பெருகும் கிருமியைத் தாக்கும்படி செய்யப்பட்ட ஆன்டிபயாடிக்குக்கு அங்கே வேலை ஓடாது. தனியாக மிதக்கும் கிருமியைக் கொல்லத் தேவையான அளவைப் போல நூறு மடங்கு, ஆயிரம் மடங்குகூட ஆய்வகத்தில் தேவைப்பட்டிருக்கிறது. பல ஆய்வுகளைத் திரட்டி 2017இல் வெளியான ஒரு கணக்கில், நாட்பட்ட புண்களில் 78 சதவீதத்தில் பயோஃபில்ம் இருந்தது. ஆகவே, மாதக்கணக்கில் ஆறாத புண் என்றால் அது இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவது நல்லது.

"மஞ்சளா ஒரு படிவு இருக்கே சிஸ்டர், அதுதானே?" என்று கேட்பார்கள். அவசியமில்லை. மஞ்சள் படிவில் பெரும்பகுதி இறந்த திசு; நாங்கள் ஸ்லஃப் என்போம். பயோஃபில்ம் வெறும் கண்ணுக்கு நிச்சயமாகப் பிடிபடாது. பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடுக்கும் ஸ்வாப் பரிசோதனையும் மேற்பரப்பில் இருப்பதைத்தான் சொல்லும். பரிசோதனைக்கு அனுப்ப வேண்டுமானால், சுத்தம் செய்தபின் அடியிலிருந்து துளி திசுவை எடுத்து அனுப்புவதுதான் முறை.

சரி, அதை எப்படி அகற்றுவது? இதுவரை இருப்பதில் நம்பகமானது கத்திதான். இறந்த திசுவையும் புண்ணைச் சுற்றிய காய்ப்பையும் கூரான கருவியால் சீவி எடுப்பது. டெப்ரிட்மென்ட் என்று சீட்டில் எழுதியிருக்கும். அப்படி எடுத்த பிறகும் மிச்சமிருக்கும் கிருமிகள் சும்மா இருப்பதில்லை. ஒரு நாளுக்குள் மறுபடி படலம் கட்டத் தொடங்கி, மூன்று நாளில் பழையபடி கெட்டியாகிவிடும். சீவியெடுத்த பிறகான அந்த இரண்டு மூன்று நாளில் படலம் இளசாக இருக்கும். கிருமிநாசினி அதற்குள் இறங்கும். வெள்ளி, அயோடின் என்று எதைப் போடுவதாக இருந்தாலும் பலன் கிடைக்க வாய்ப்புள்ள நேரம் அதுதான். சீவாத புண்ணின் மேல் எவ்வளவு விலை உயர்ந்த ஜெல்லைப் பூசினாலும் அது கோந்தின் மேலேயே நின்றுவிடும்.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். பாதத்துக்கு ரத்தம் வருகிறதா என்று பார்க்காமல் கத்தியும் கூடாது, ஜெல்லும் கூடாது. பாதத்தின் மேற்புறத்தில் நாடி தொட்டுப் பார்த்து, டாப்ளர் (ரத்த ஓட்டத்தை ஒலியால் காட்டும் கருவி) வைத்துக் கணுக்கால் அழுத்தம் எடுப்பார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குக் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து கணுக்கால் அளவு பொய்யாகக் கூடுதலாகக் காட்டும் என்பதால், கால் பெருவிரல் அழுத்தமும் பார்ப்பது பாதுகாப்பு. காய்ந்து கறுத்துப்போன விரலில் "வறண்டிருக்கே" என்று யாராவது ஹைட்ரோஜெல்லைத் தடவினால், காய்ந்து நிற்கும் அழுகல் ஈர அழுகலாக மாறலாம். அது உயிருக்கே ஆபத்து. கறுத்த விரலை ரத்தநாள மருத்துவர் பார்க்கும்வரை உலர்வாகவே விட்டுவைப்பதுதான் வழக்கம்.

இனி ஒவ்வொன்றாக.

சாதா ஹைட்ரோஜெல். தண்ணீரைப் பிடித்துவைக்கும் பாலிமர் வலை இது. பெரும்பகுதி, 70 முதல் 90 சதவீதம் வரை, தண்ணீர்தான். டியூபில் கூழாக வரும், ஷீட்டாக வரும், காஸ் என்ற மெல்லிய கட்டுத்துணியில் ஊறவைத்தும் வரும். புண்ணுக்கு ஈரம் வேண்டும் என்ற கருத்துக்கு 1962இல் ஜார்ஜ் விண்டர் பன்றிகளில் செய்து காட்டிய சோதனை அடித்தளம் போட்டது: மூடி ஈரமாக வைத்த புண்ணில், காற்றில் காயவிட்ட புண்ணைவிட வேகமாகத் தோல் மூடியது. நம் ஊரில் இன்றும் "காத்தாட விடுங்க, காஞ்சு ஆறிடும்" என்று சொல்லும் பெரியவர்களுக்கு இந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

வறண்ட, மேலே தோல்போல இறுகிய மஞ்சள் படிவு உள்ள புண்ணில் இந்த ஜெல் அருமையாக வேலை செய்யும். படிவை ஊறவைத்து இளக்கும். உடம்பின் சொந்த நொதிகளே அதைக் கரைத்து விலக்கும். அடுத்த தடவை கட்டைப் பிரிக்கும்போது காஸ் ஒட்டிக்கொண்டு புதுத்திசுவைப் பிய்த்து எடுக்காது. இது சின்ன விஷயமில்லை. செலைனில் (உப்புநீரில்) நனைத்த காஸ் காய்ந்து ஒட்டி, பிரிக்கும்போது புள்ளிப் புள்ளியாக ரத்தம் கசிவதை டிரெஸ்ஸிங் அறையில் தினமும் பார்க்கலாம். சர்க்கரைக்காரருக்குப் பாதத்தில் உணர்ச்சி இல்லாததால் வலிக்காது. வலிக்காததால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதும் இல்லை.

ஆதாரம் என்ன சொல்கிறது? மருத்துவச் சோதனைகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு 2013இல் வெளியிட்ட தொகுப்பு, 446 பேரைக் கொண்ட 5 சோதனைகளைப் பார்த்தது. சாதாரணக் கட்டைவிட ஹைட்ரோஜெல்லில் ஆறியவர்கள் அதிகம். ஆனால் சோதனைகள் நடத்தப்பட்ட விதத்தில் ஓட்டைகள் இருந்ததால், முடிவை அழுத்திச் சொல்ல முடியாது என்றும் அதே தொகுப்பு எழுதியது. "கொஞ்சம் உதவும் போலிருக்கிறது" என்ற அளவில் எடுத்துக்கொள்ளலாம்.

எங்கே தோற்கும்? நீர் வடியும் புண்ணில். ஏற்கெனவே காஸ் நனைந்து செருப்பு வரை ஈரமாகும் புண்ணில் இன்னும் தண்ணீரைக் கொண்டுபோய் வைப்பதில் பொருளில்லை. ஒரே நாளில் புண்ணின் ஓரத்துத் தோல் ரொம்ப நேரம் துணி துவைத்த விரல் நுனிபோல வெளுத்துச் சுருங்கிவிடும். அந்த வெளுத்த தோல் உரிந்தால் புண் ஒரு சுற்று பெரிதாகும். சென்னைக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. மே மாத வியர்வையிலும் ஐப்பசி, கார்த்திகை ஈரத்திலும் கட்டுக்குள் எப்போதும் புழுக்கம்தான். குளிர்நாட்டுக் கையேட்டில் மூன்று நாள் வைக்கலாம் என்று போட்டிருக்கும் ஜெல் கட்டை, இங்கே மறுநாளே பிரித்துப் பார்க்க வேண்டிவரலாம். போடும்போது புண்ணைச் சுற்றி துத்தநாக கிரீமோ வாசலினோ ஒரு வளையமாகத் தடவிவிட்டு, ஜெல்லைப் புண்ணுக்குள் மட்டும், அரை சென்டிமீட்டர் கனத்துக்கு வைத்தால் போதும். ஓரத்துத் தோலிலும் அப்பிவிடுவது எல்லோரும் செய்வது.

வெள்ளி கலந்த ஹைட்ரோஜெல், வெள்ளி ஃபோம், வெள்ளி கிரீம். வெள்ளி அயனிகள் கிருமியைக் கொல்லும்; ஆய்வகத் தட்டில் சந்தேகமே இல்லை. புண்ணில் கதை வேறு. வடியும் நீரில் உள்ள புரதமும் குளோரைடும் வெள்ளியைப் பிடித்துக்கொள்ளும். படலத்துக்குள் போய்ச் சேருவது கொஞ்சம்தான். நீரிழிவுப் பாதத்துக்கான சர்வதேசச் செயற்குழு 2023இல் வெளியிட்ட வழிகாட்டி, புண் ஆறுவதற்காக என்று கிருமிநாசினி கலந்த கட்டுகளைப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. தேனும் அந்த வேண்டாம் பட்டியலில் இருக்கிறது. யூடியூபில் பார்த்துச் சமையலறைத் தேனை ஊற்றுவது பற்றிப் பேசவே தேவையில்லை.

அந்த வரியை வைத்து வெள்ளியே வீண் என்று நான் சொல்ல மாட்டேன். எல்லாப் புண்ணுக்கும், மாதக்கணக்கில், வழக்கமாகப் போட ஆதாரமில்லை என்றே நான் அதை எடுத்துக்கொள்கிறேன். சீவியெடுத்த புண்ணில் இரண்டு வாரம் மட்டும் போட்டுப் பார்த்து, மாற்றமில்லை என்றால் நிறுத்திவிடுவது என்று சில காய நிபுணர்கள் செய்கிறார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். மூன்று மாதமாக அதே வெள்ளி ஜெல் ஓடிக்கொண்டிருந்தால் கேள்வி கேளுங்கள். சில்வர் சல்ஃபாடயசின் கிரீமுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. புண்ணின் மேல் வெண்மையாக ஒரு பொய்ப்படிவு விட்டுப்போகும். அது சீழா, ஸ்லஃபா, கிரீமா என்று அடுத்து பார்ப்பவருக்குக் குழப்பம்.

காடெக்ஸோமர் அயோடின். பயோஃபில்ம்தான் உங்கள் கவலை என்றால், கடையில் கிடைப்பவற்றில் என் ஓட்டு இதற்குத்தான். பெட்டாடினும் இதுவும் ஒன்றல்ல. ஸ்டார்ச் மணிகளுக்குள் 0.9 சதவீத அயோடினை வைத்திருப்பார்கள். மணிகள் வடியும் நீரை உறிஞ்சி உப்ப உப்ப, உள்ளிருக்கும் அயோடின் மெதுவாக வெளியே வரும். ஈரத்தை உறிஞ்சுவது, படிவை இழுப்பது, கிருமியைக் கொல்வது என மூன்று வேலை. பழுப்பாகப் போட்ட களிம்பு வெளுத்துப்போனால் அயோடின் தீர்ந்தது, மாற்ற வேண்டும் என்று அதுவே காட்டிக்கொடுக்கும். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை போதும். பயோஃபில்ம் உள்ள நீரிழிவுப் பாதப் புண்களிலேயே நேரடியாகப் போட்டுப் பார்த்த சிறிய ஆய்வுகளில் பலருக்குக் கிருமியின் அளவு குறைந்தது. எல்லோருக்கும் அல்ல. கிருமி குறைவதும் புண் ஆறுவதும் ஒன்றா என்ற கேள்வியும் இன்னும் திறந்தே இருக்கிறது.

வறண்ட புண்ணுக்கு இது ஆகாது. உறிஞ்ச ஈரம் இல்லாவிட்டால் மணிகள் சும்மா ஒட்டிக்கொண்டு கிடக்கும். தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்குக் கூடாது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. பத்துப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை உள்ளவர்களில் இந்த இரண்டில் ஒன்று இருப்பவர்கள் நிறையப் பேர் என்பதால், கடையில் நேராகக் கேட்டு வாங்கும் பொருளாக இதை நினைக்க வேண்டாம்.

பி.எச்.எம்.பி. என்ற கிருமிநாசினி கலந்த கழுவுநீரும் ஜெல்லும் வருகின்றன. கழுவுநீரில் காஸை நனைத்துப் புண்ணின் மேல் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து எடுத்தால் படிவு இளகும். திசுவைச் சுடாது. சீவுவதற்குத் துணையாக நல்லது, தனியாக நின்று சாதிக்காது.

அப்புறம் நம் பழைய ஆட்கள்: செலைன் காஸ், பெட்டாடின், ஹைட்ரஜன் பெராக்சைடு. பெராக்சைடு நுரைத்துக்கொண்டு வருவதைப் பார்த்தால் ஏதோ பெரிய சுத்தம் நடக்கிற மாதிரி இருக்கும். புதிதாக வளரும் சிவந்த திசுவையும் அது பொசுக்குகிறது. தினமும் அதை ஊற்றும் வீடுகளில் புண் அதே அளவில் நிற்பதில் வியப்பில்லை. செலைன் காஸைப் பற்றி இளக்காரமாகப் பேச மாட்டேன். காய்ந்து ஒட்டுமுன் மாற்றினால், காசில்லாத குடும்பத்துக்கு அதுவே போதுமான கட்டு. பச்சை நிறத்தில் நீர் வடிந்து, தித்திப்பான ஒரு வாடை அடித்தால் சூடோமோனாஸ் என்ற கிருமி இருக்கலாம். இந்தியாவில் சர்க்கரைப் புண்களில் சூடோமோனாஸ், இ.கோலை, கிளெப்சியெல்லா போன்ற கிராம் நெகட்டிவ் வகைக் கிருமிகள் மேலை நாடுகளைவிட அதிகம். சூடோமோனாஸுக்கு 1 சதவீத அசிட்டிக் அமிலத்தில் நனைத்த காஸ் வைப்பது மலிவான, பல ஆஸ்பத்திரிகளில் பழக்கத்தில் உள்ள முறை. வீட்டு வினிகர் அதைவிட நான்கைந்து மடங்கு கடுமை என்பதால் அப்படியே ஊற்றிவிடாதீர்கள்.

கொலாஜன் பவுடர், வளர்ச்சிக் காரணி ஜெல் போன்றவற்றை வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது அதே 2023 வழிகாட்டி. விலையைப் பார்க்கும்போது எனக்கும் அதில் மாற்றுக்கருத்து இல்லை. அது கொஞ்சமாவது பரிந்துரைக்கும் ஒரே சிறப்புக் கட்டுத் துணி சுக்ரோஸ் ஆக்டாசல்ஃபேட் தடவியது. ஐந்து ஐரோப்பிய நாடுகளில் 240 பேரிடம் நடந்து 2018இல் வெளியான சோதனையில், 20 வாரத்தில் அதைப் போட்டவர்களில் 48 சதவீதம் பேருக்கும், சாதா துணி போட்டவர்களில் 30 சதவீதம் பேருக்கும் புண் மூடியது. கிருமித் தொற்று இல்லாத, உணர்ச்சிக் குறைவும் ரத்த ஓட்டக் குறைவும் சேர்ந்த புண்ணுக்கு மட்டும் அது. அதிலும் வேலை செய்வது வெள்ளியோ அயோடினோ இல்லை.

ஆன்டிபயாடிக் மாத்திரை? சிவப்பு, வீக்கம், சூடு, வலி, சீழ் இவற்றில் குறைந்தது இரண்டு இருந்தால்தான் தொற்று என்ற கணக்கு. ஒன்றும் இல்லாத புண்ணுக்கு, ஸ்வாபில் ஏதோ கிருமி வந்தது என்பதற்காக மாத்திரை தேவையில்லை.

இவ்வளவு பேசியும், பாதத்தின் அடியில் இருக்கும் புண்ணுக்குக் கட்டுப்பொருள் இரண்டாம் இடம்தான். ஒவ்வொரு அடியிலும் உடம்பின் எடை அந்தப் புண்ணின் மேல் இறங்கிக்கொண்டிருந்தால் எந்த ஜெல்லும் நிற்காது. பெயர்பெற்ற தீர்வு, முழங்கால் வரை போட்டு, கழற்ற முடியாதபடி வைக்கும் கட்டு. உணர்ச்சியற்ற பாதம் பற்றிய இந்த அறிவில் நம் ஊர்ப் பங்கும் உண்டு. 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதப் புண்களுக்குக் காரணம் நோய்க்கிருமி அல்ல, வலி தெரியாமல் நடப்பதே என்று கண்டு, மாவுக்கட்டாலும் மெத்தென்ற மைக்ரோசெல்லுலார் ரப்பர் செருப்பாலும் ஆற்றிக் காட்டினார். இன்று சென்னையில் எம்.சி.ஆர். செருப்பு என்று கேட்டு வாங்குவது அந்த வழியில் வந்ததுதான். கழற்ற முடியாத கட்டை நம் ஆட்கள் ஏற்பது கஷ்டம். வேர்க்கும், இந்தியன் டாய்லெட்டில் உட்கார முடியாது, டூவீலர் ஓட்ட முடியாது. முடியாதவர்களுக்குக் கழற்றும் பூட், அதுவும் முடியாவிட்டால் எம்.சி.ஆர். செருப்பில் புண் வரும் இடத்தில் ஃபெல்ட் (தடித்த கம்பளித் துணி) ஒட்டிக் குழிவு செய்வது என்று இறங்கி வரலாம். ரத்த ஓட்டக் குறைவும் தொற்றும் சேர்ந்திருந்தால் கழற்ற முடியாத கட்டு கூடாது. வீட்டுக்குள்ளும் செருப்பு போட வேண்டும். இதற்குத்தான் வீட்டில் சண்டை வரும். மத்தியான வெயிலில் கோயில் பிராகாரத்துக் கல்லில் வெறுங்காலோடு சுற்றிவந்து, கொப்புளம் வந்ததே தெரியாமல் வருபவர்களும் குறைவில்லை.

அப்படியானால் கையில் உள்ள பணத்தை எதில் போடுவது? வெள்ளி ஷீட்டுக்கும் நல்ல செருப்புக்கும் இடையே தேர்வு வந்தால் யோசிக்காமல் செருப்பு. விலை உயர்ந்த ஜெல்லுக்கும், வாரம் ஒருமுறை தேர்ந்த கையால் சீவிவிடுவதற்கும் இடையே என்றால் சீவுவது. 1954இல் பேராசிரியர் எம். விஸ்வநாதன் தொடங்கிய ராயபுரம் நீரிழிவு மருத்துவமனை முதல் ஜி.எச்., ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிகள் வரை இந்த வேலை தெரிந்த கைகள் இந்த ஊரில் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வின்படி 2023 கணக்கில் தமிழ்நாட்டில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை என்பதால் வரிசையும் நீளம்தான். போங்கள், காத்திருங்கள்.

"இப்போ ஸ்மார்ட் ஜெல் வந்துடுச்சாமே" என்று பேப்பர் செய்தியோடு வருபவர்கள் உண்டு. புண்ணில் சர்க்கரை கூடினால் மருந்தைத் திறந்துவிடும் ஜெல், ஒளி பட்டால் சூடாகிப் படலத்தைக் குலைக்கும் ஜெல், கைட்டோசானில் நைட்ரிக் ஆக்சைடு ஏற்றிய ஜெல் என்று ஆய்வுகள் குவிகின்றன. படிக்க எனக்கும் பிடிக்கும். பெரும்பாலும் எலிகளில் நடந்தவை அவை. எலியின் தோல் தளர்வானது. புண் பெரும்பாலும் சுருங்கியே மூடிக்கொள்ளும். மனிதத் தோல் ஓரத்திலிருந்து புதிதாக வளர்ந்து வந்து மூட வேண்டும். சில வாரம் முன்பு மருந்து கொடுத்துச் சர்க்கரை வரவழைத்த எலியின் முதுகில், ஓரிரு நாள் வளர்த்த படலம் ஒன்று. இருபது வருடச் சர்க்கரையில் நரம்பும் ரத்தக்குழாயும் போன ஒருவரின் உள்ளங்காலில், எட்டு மாதமாக இருக்கும் படலம் இன்னொன்று. அந்த ஜெல் கடைக்கு வரட்டும், அப்போது பார்க்கலாம்.

இப்போதைக்குப் புண்ணைப் பார்த்துத்தான் முடிவு. வறண்டு, மஞ்சள் படிவு இறுகி, ரத்த ஓட்டம் சரியாக இருந்தால் சீவிவிட்டுச் சாதா ஹைட்ரோஜெல். வடிகிறது, வாடை அடிக்கிறது, மாதக்கணக்கில் நகரவே இல்லை என்றால் சீவியபின் காடெக்ஸோமர் அயோடின், இரண்டு வாரம், தைராய்டும் சிறுநீரகமும் பார்த்துவிட்டு. சிவந்து, சுத்தமாக, ஓரம் உள்நோக்கி வளர்ந்துவரும் புண்ணில் கிருமிநாசினி எதுவும் வேண்டாம். ஒட்டாத சாதா கட்டே போதும். இந்த நிலைகள் ஒரே புண்ணில் மாறி மாறி வரும் என்பதால், போன மாதம் எழுதிய சீட்டு இந்த மாதத்துக்குச் செல்லாது. கட்டு பிரிக்கும்போது சிவப்பு பாதத்தில் மேலேறியிருந்தாலோ, குளிர்காய்ச்சல் வந்தாலோ, சுகர் திடீரென எகிறினாலோ ஜெல்லைப் பற்றி யோசிக்காமல் அன்றே, ராத்திரியானாலும், எமர்ஜென்சிக்குப் போங்கள்.

வாரம் ஒருமுறை பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் புண்ணைப் போட்டோ எடுத்து, நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி எழுதி வையுங்கள். 2003இல் வெளியான ஓர் ஆய்வில், நான்கு வாரத்தில் பாதிக்கு மேல் சுருங்கிய புண்களில் 58 சதவீதம் 12 வாரத்துக்குள் ஆறின. அப்படிச் சுருங்காதவற்றில் 9 சதவீதம்தான். நான்காம் வாரம் உங்கள் கணக்கில் பாதி குறையவில்லை என்றால் வேறு டியூபுக்குச் சீட்டு கேட்காதீர்கள். "ரத்த ஓட்டம் மறுபடி பார்த்தீங்களா டாக்டர், எலும்பு வரைக்கும் போயிருக்கா?" என்று கேட்டு, டாப்ளரும் எக்ஸ்ரேயும் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.